வடை சுட்டவளுக்கு வாதம் இல்லை

1

நான் ஆரோக்கியமாக இருக்கிறேன் என்று இந்த ஊர் நகராட்சி எழுத்துமூலம் தெரிவித்திருக்கிறது. அதற்கு முழுக் காரணம் நான் சுட்ட மசால் வடை.

ஊரில் இருப்பவர்களுக்குக் கொஞ்சம் விளக்க வேண்டும். நான் நெதர்லாந்தின் தெற்கில் ஒரு நடுத்தர ஊரில் வாழ்கிறேன். பிறந்தது தியாகதுருகம் பக்கம். கணவருக்கு எல்லை தாண்டி ஜெர்மனியில் வேலை. திங்கட்கிழமை இருட்டோடு ரயிலேறினால் வெள்ளிக்கிழமை இரவுதான் திரும்புவார். நல்ல மனிதர். "ரெஸ்ட் எடு" என்று தினமும் போனில் சொல்வார். யார் எழுந்து சோறு வைத்தபின் நான் ரெஸ்ட் எடுப்பது என்பதை மட்டும் சொல்லமாட்டார்.

எனக்கு முடக்குவாதம். பெயரைக் கேட்டு எண்பது வயது என்று நினைக்க வேண்டாம், நாற்பதுதான் ஆகிறது. உடம்பைக் காக்க வேண்டிய சக்தி புத்தி கெட்டுப் போய் என் மூட்டுகளையே தின்கிறது என்று மருத்துவர் சொன்னார். வாரம் ஒரு ஊசி. காலையில் விரல்கள் வீங்கி மரவள்ளிக்கிழங்கு மாதிரி இருக்கும். அவை மடங்கவே வெகுநேரம் ஆகும். மதியம் போல ஓரளவு மனுஷியாவேன். மாலையில் மறுபடியும் கிழங்கு.

இதற்கிடையில் என் மகள் நிலா ஹாக்கி ஆடுவதை விட்டுவிட்டாள். பதின்மூன்று வயது. பயிற்சி மாலை நேரத்தில். அந்த நேரத்தில் அவள் துணி துவைக்கப் போடுகிறாள், பாத்திரம் கழுவுகிறாள், அரிசி களைகிறாள். "ஹாக்கி போர்" என்றாள். போரடிக்கும் விளையாட்டின் மட்டையை யாரும் கட்டில் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்கமாட்டார்கள். அதைப் பார்த்த அன்றுதான் வீட்டு வேலைக்கு உதவி கேட்டு நகராட்சிக்கு விண்ணப்பித்தேன்.

இங்கே அதற்கு ஒரு முறை இருக்கிறது. ஒரு அதிகாரி வீட்டுக்கே வருவார். உங்கள் சமையலறை மேசையில் உட்கார்ந்து, உங்களால் என்ன முடியும், என்ன முடியாது என்று பேசுவார். 'சமையலறை மேசைப் பேச்சு' என்றே அதற்குப் பெயர். நம்மூரில் ஒரு சான்றிதழுக்காகக் கலெக்டர் ஆபீஸ் வராந்தாவில் கால் கடுக்க நின்றவள் நான். அதிகாரி நம் வீட்டுக்கு வருகிறார் என்றதும் எனக்குப் பொண்ணு பார்க்க வருகிற பரபரப்பு வந்துவிட்டது.

முதல் நாளே ஜன்னல் கண்ணாடிகளைத் துடைத்தேன். பாட்டில் மூடி திறக்கிற கருவி, பிடி தடித்த கரண்டிகள், மாத்திரை டப்பா எல்லாவற்றையும் அலமாரிக்குள் தள்ளினேன். வீடு ஆஸ்பத்திரி மாதிரி இருக்கக்கூடாது இல்லையா? காலையில் புடவை கட்டினேன். கடலைப்பருப்பு அரைத்து வடை சுட்டேன், கேசரி கிண்டினேன், ஃபில்டர் காபி போட்டேன்.

ஒன்றைச் சொல்ல வேண்டும். இந்த நாட்டில் காபியோடு ஒரே ஒரு பிஸ்கட் தருவார்கள். தந்துவிட்டு டப்பாவை மூடிவிடுவார்கள். அப்படிப்பட்ட தேசத்தில் பிறந்த அந்த உயரமான அம்மாள் என் தட்டைப் பார்த்துத் திகைத்துப் போனார். பிறகு திகைப்பு நீங்கி வடைகளைக் காலி செய்தார்.

"எப்படி இருக்கிறீர்கள்?" என்று டச்சில் கேட்டார்.

"நன்றாக இருக்கிறேன்!" என்றேன். மொழி வகுப்பில் முதல் பாடமே அதுதான். உச்சரிப்பு சுத்தம்.

"இதெல்லாம் நீங்களே சமைத்ததா?"

"ஆமாம், நானேதான்."

"வீடு பளிச்சென்று இருக்கிறதே, யார் துடைத்தது?"

"நான்தான்."

இந்தக் கேள்விகளை நான் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன். அவர் பதில் என்று எழுதிக்கொண்டார். போகும்போது என் கையைக் குலுக்கினார். கண்ணில் பூச்சி பறந்தது. சிரித்துக்கொண்டே வாசல் வரை வந்து வழியனுப்பினேன்.

கதவைச் சாத்திவிட்டுச் செருப்பு மாட்டும் பலகையில் உட்கார்ந்தேன். அதற்குமேல் எழுந்திருக்க முடியவில்லை. அன்று பள்ளி தாமதமாகத் தொடங்குவதால் மாடியில் இருந்த நிலா இறங்கி வந்து, என் புடவைப் பின்னை ஒவ்வொன்றாகக் கழற்றினாள்.

"ஏம்மா அவங்ககிட்ட பொய் சொன்ன?"

"என்ன பொய் சொன்னேன்?"

"மிக்ஸி மூடிய நான்தான தொறந்தேன். கடாயயும் நான்தான தூக்கி வெச்சேன்."

இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு இந்த வியாதி ஒன்று உண்டு. மனதில் இருப்பதை அப்படியே கேட்டுவிடுவார்கள். தமிழ் போய்விட்டது, இட்லி பிடிக்கவில்லை, பெரியவர்கள் வந்தால் எழுந்து நிற்பதில்லை என்றெல்லாம் புலம்புகிறோமே, அவர்களிடம் உண்மையில் விட்டுப்போனது நம்முடைய இந்தப் பூசி மெழுகும் பழக்கம்தான்.

அன்றிரவே காய்ச்சல். ஒரு வாரத்துக்கும் மேல் படுக்கை. தலை சீவியது, சோறு பிசைந்தது எல்லாம் நிலா. நான் படுக்கையில் இருந்தபோதுதான் அந்தக் கடிதம் வந்தது. 'மனுதாரர் வீட்டைத் தனியாக, மிகச் சிறப்பாகப் பராமரிக்கிறார். விருந்தோம்பலில் ஆர்வமுள்ளவர். உதவி தேவையில்லை.' அதை எனக்குப் பிரித்துப் பிடித்துக் காட்டியதும் நிலாதான். என் கையால் உறையைக் கிழிக்க முடியவில்லை.

2

போன வருடம் ஆடியில், இந்தப் பூசி மெழுகும் கலையில் எனக்குப் பயிற்சி கொடுத்த ஊருக்குப் போயிருந்தேன்.

அதற்கு முன்பு ஊசி பலன் தரத் தொடங்கி, சில மாதங்கள் வலி கம்மியாக இருந்தது. அதை வாய் தவறி அம்மாவிடம் போனில் சொன்னேன். அம்மா உடனே எனக்குக் குணமாகிவிட்டதாக முடிவுகட்டினார். முடிவுகட்டியதோடு விடவில்லை. எனக்குக் குணமானால் நான் பால்குடம் எடுப்பேன் என்று மாரியம்மனிடம் என்னைக் கேட்காமலேயே முன்பு ஒப்பந்தம் போட்டிருந்தார். அம்மன் தன் பங்கை முடித்தாயிற்று, நம் பங்குதான் பாக்கி.

யோசித்துப் பாருங்கள். நடக்க முடியாதவளுக்காக வேண்டிக்கொள்கிறார்கள். அந்த வேண்டுதலைச் செலுத்த, வெறுங்காலோடு தார் ரோட்டில், தலையில் குடத்தோடு, இரண்டு கையையும் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டும். அதற்கு நோயே தெரியாத உடம்பு வேண்டும். நோயாளியால் செய்யக்கூடிய நேர்த்திக்கடன் எதையும் நம் ஆட்கள் இதுவரை கண்டுபிடிக்கவில்லை. பஞ்சு மெத்தையில் படுத்துக் கிடக்கிறேன் தாயே என்று யாராவது வேண்டிக்கொண்டிருக்கிறார்களா?

ஊசிகளை ஐஸ் பையில் வைத்துப் பத்திரமாகக் கொண்டு போயிருந்தேன். அம்மா ஃபிரிட்ஜைத் திறந்து பார்த்தார்.

"இன்னா பாப்பா இது?"

"ஊசிம்மா. வாராவாரம் போட்டுக்கணும்."

"கொணமாயிடுச்சுன்னுதான ஆத்தாளுக்கு எடுக்கற? அப்பறம் இன்னாத்துக்கு ஊசி? ஊசி போட்டுக்கினு கொடம் தூக்குனா ஆத்தா ஒத்துக்குமா? நம்பிக்கை இல்லாம செய்யறாப்பல ஆயிடாது?"

தர்க்கம் கச்சிதமாக இருந்தது. பொறியியல் படித்தவள் நான், தர்க்கத்துக்குக் கட்டுப்பட்டேன். காப்புக் கட்டிய நாள் முதல் ஊசியை நிறுத்தினேன். ஊரோடு இருக்கிற கொஞ்ச நாள்தானே, சமாளிக்கலாம் என்று நினைத்தேன். 'சமாளிக்கலாம்' என்ற சொல்லைக் கண்டுபிடித்தவர் கையில் கிடைத்தால் என் முழங்கை மூட்டால் ஒரு இடி இடிக்க வேண்டும்.

பால்குடம் நன்றாகவே நடந்தது. பம்பை உடுக்கை அடித்தார்கள். காலில் மஞ்சள் தண்ணீர் ஊற்றினார்கள். நடுவில் மணிக்கட்டில் ஏதோ பிசகியது போலிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டேன். கண்ணில் தண்ணீர் கொட்டியது. "ஆத்தா வந்துட்டா" என்று பக்கத்தில் வந்தவர்கள் கும்பிட்டார்கள். வலியில் அழுதவளைக் கும்பிட்ட ஊர் எங்கள் ஊர்.

அத்தோடு முடிந்ததா? ரிஷிவந்தியம் அத்தை வீட்டில் விருந்து. போகாவிட்டால் "எங்க வூட்டு சோறு எறங்காதா?" என்று அடுத்த தலைமுறை வரை பேச்சு ஓடும். ஒரு வீட்டில் சாப்பிட்டுவிட்டு இன்னொரு வீட்டில் சாப்பிடாவிட்டால் அதற்குத் தனி வழக்கு. எல்லா வீட்டுக்கும் போனேன். எல்லா வீட்டிலும் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். எழுந்திருக்கும்போது சுவரைப் பிடித்தால், "வெளிநாட்டுல சொகுசாப் பூடுச்சு ஒடம்பு" என்றார் அத்தை.

மறுநாள் வேன் பிடித்துக் கல்வராயன் மலைக்கு. கோமுகி அணை தாண்டி மலைப்பாதை வளைய வளைய, வளைவுக்கு ஒரு தரம் இடுப்பு எலும்பு எண்ணப்பட்டது. அருவிக்கு இறங்க வழுக்குப் பாறை. நான் வேனிலேயே இருக்கிறேன் என்றேன். என் தம்பி விடவில்லை.

"இவ்ளோ தூரம் வந்துட்டு வேன்ல உக்காந்துக்கினு இருந்தா எப்டிக்கா? பால்கொடமே எடுத்த, இது இன்னா பெருசு? வா, ஒரு வீடியோ எடுத்துக்கலாம்."

எடுத்தான். அருவிக்குக் கீழே நான் கை இரண்டையும் தூக்கிச் சிரிக்கிறேன். குடும்பக் குழுவில் அது இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. 'நோயை வென்ற சிங்கப்பெண்' என்று ஒரு சித்தப்பா எழுதியிருந்தார்.

திரும்பும்போது சென்னை விமான நிலையத்தில் சக்கர நாற்காலி கேட்டேன். தம்பி என் காதில் சொன்னான்.

"சூப்பர் ஐடியாக்கா. க்யூவுல நிக்க வேணாம்ல."

நானும் சிரித்தேன். நாற்காலியைத் தள்ள வந்தவர் மட்டும் சிரிக்கவில்லை. ஏறும்போது என் முழங்கைக்குக் கீழே கை கொடுத்தார். மணிக்கட்டைத் தொடவில்லை.

இதன் பிறகு நடந்ததற்கு வீடியோ கிடையாது. இங்கு வந்து இறங்கியதும் விழுந்தேன். இலை உதிர்ந்து முடியும் வரை சரியாகவில்லை. ஸ்பூன் பிடிக்க முடியவில்லை. வேலைக்கு விடுப்பு எழுதிக் கொடுத்தேன், பிறகு வேலையையே எழுதிக் கொடுத்தேன். மருத்துவர் எக்ஸ்ரே படத்தைக் காட்டி, மணிக்கட்டு எலும்பில் அரித்துப்போன இடத்தைச் சுட்டினார். போனது போனதுதான், வளராது என்றார்.

"ஊசியை நிறுத்திவிட்டு என்ன செய்தீர்கள்?" என்று கேட்டார்.

"பால் சுமந்தேன்."

"எவ்வளவு தூரம்?"

"கோயில் வரை."

"ஏன், அங்கே பால் கிடைக்காதா?"

அவர் கிண்டல் செய்யவில்லை. உண்மையான அக்கறையோடு கேட்டார். நான் அந்த அறையில் சிரிக்கத் தொடங்கி, கடைசியில் அழுதேன். பயமாக இருந்தது. இந்தக் கை இனி இவ்வளவுதான் என்று முதல் தடவையாகப் புரிந்தது. வெளியே காத்திருந்த நிலாவிடம் நான் முகம் கழுவிக்கொண்டுதான் வந்தேன். "டாக்டர் என்ன சொன்னாரு?" என்றாள். "பரவாயில்லைன்னாரு" என்றேன்.

அதற்கடுத்த மாதம்தான் ஹாக்கி அவளுக்குப் போரடித்தது.

3

குடும்பக் குழுவில், வடை சுட்டு நான் படுத்திருப்பதைக் கணவர் போட்டுவிட்டார். உடனே வைத்தியம் கொட்டியது. முடக்கத்தான் கீரைத் தோசை, பிரண்டைத் துவையல், காலையில் வெறும் வயிற்றில் வெந்தயம். ஒரு பெரியம்மா மகன் மட்டும் நேர்மையாக, "அக்கா, நீ ஆடியில நல்லாத்தான இருந்த? அங்க குளிருதான் ஒத்துக்கல, இங்க வந்துடு" என்று எழுதினான். ஊருக்கு வந்ததால் வந்த கேட்டுக்கு ஊருக்கு வருவதே மருந்து. சிங்கப்பெண் என்று எழுதிய சித்தப்பா எதுவும் எழுதவில்லை. சிங்கம் படுத்துவிட்டால் என்ன எழுதுவதென்று அவருக்குத் தெரிந்திருக்காது.

4

நகராட்சியின் முடிவை எதிர்த்து மனுப் போட்டேன். நிலாவுக்காகத்தான் போட்டேன். எனக்காக என்றால் விட்டிருப்பேன். மறுபடியும் மேசைப் பேச்சு என்று தேதி தந்தார்கள். வேறு அதிகாரி, நரைத்த தலை. இந்தத் தடவை போனில் தமிழ் மொழிபெயர்ப்பாளர் இருப்பார் என்றார்கள். முந்தைய அறிக்கையில் என் டச்சு முழுக்க 'நன்று, நன்று' என்றே இருந்ததால் யாரோ சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

இதற்குள் அம்மா வந்திருந்தார். நான் முடியாமல் கிடப்பதைக் கேட்டு, தம்பி விசா எடுத்து அனுப்பி வைத்தான். வந்த நாளிலிருந்து வீட்டைத் தன் கையில் எடுத்துக்கொண்டார். "நீ உக்காரு பாப்பா" என்பார். ஆனால் நான் உண்மையிலேயே உட்கார்ந்தால் அவருக்கு முகம் வாடிவிடும்.

அதிகாரி வருமுன் நிலா எனக்குக் கட்டளை போட்டாள். எழுந்திருக்கக்கூடாது. புடவை கூடாது. கருவிகள் எல்லாம் மேசை மேல் இருக்க வேண்டும். "எழுந்தா உன் கால மிதிப்பேன்" என்றாள். பக்கத்து நாற்காலியிலேயே உட்கார்ந்துகொண்டாள்.

அதிகாரி வந்தார். மேசை நடுவில் போனை வைத்தார். ஒலிபெருக்கியில் யாழ்ப்பாணத் தமிழில் ஒரு இளைஞன் குரல் வந்தது.

"வணக்கம் அக்கா. ஒரு விசயம் முதலே சொல்லிறன். இந்த அறைக்குள்ள ஆர் என்ன கதைச்சாலும் நான் அப்பிடியே மொழிபெயர்க்க வேணும். அதுதான் எங்கட சட்டம்."

சரி என்றேன். அம்மாவுக்கு அந்தச் சட்டம் புரியவில்லை, அல்லது பொருட்படுத்தவில்லை. சுவரோரம் நின்றுகொண்டே சொன்னார்.

"இன்னா பாப்பா, வூட்டுக்கு வந்த பொம்பளைக்கு ஒரு காப்பி கூட குடுக்காம உக்காந்துக்கினு இருக்க? பாவம், எலும்பும் தோலுமா கீது அது."

போன் ஒரு கணம் தயங்கியது. பிறகு டச்சில் அப்படியே வந்தது. அதிகாரி தன் உடம்பைக் குனிந்து பார்த்துக்கொண்டு, காபி வேண்டாம், நன்றி என்றார். என் கால்கள் தாமாகவே எழப் பார்த்தன. நிலா மிதித்தாள்.

"காலை எழுந்ததும் என்ன நடக்கும், சொல்லுங்கள்" என்று அதிகாரி கேட்க, போனில் இருந்த யாழ்ப்பாணத் தம்பி தமிழில் கேட்டார்.

டச்சில் என்றால் இதை நான் சொல்லிவிடுவேன், பாடம் ஒப்பிப்பது மாதிரி. மருத்துவமனையில் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். தமிழில், அம்மா நிற்கிற அறையில், இதை நான் ஒருநாளும் சொன்னதில்லை.

"கை மூடாதுங்க" என்றேன். "பேஸ்ட் பிதுக்க முடியாது. சில நாள் பாத்ரூம் போனா கழுவிக்கவே முடியல. உள்பாடி கொக்கி மாட்ட முடியாது. எம் பொண்ணு தெனம் காலையில எனக்கு மாட்டிவிட்டுட்டுதான் ஸ்கூலுக்குப் போறா. அவ வெளையாட்ட விட்டுட்டா. அதுக்குதான் கேக்கறேன்."

தம்பி மொழிபெயர்த்தார். அதிகாரி எழுதினார். நான் அம்மாவைப் பார்க்கவில்லை. பால்குடத்தன்று இந்தக் கை எப்படி இருந்தது என்று அவர் கணக்குப் போட்டுக்கொண்டிருப்பார் என்று நினைத்தேன். திட்டுவாரோ, அழுவாரோ என்று பயந்தேன்.

அம்மா இரண்டும் செய்யவில்லை. ஆச்சரியப்பட்டார்.

"இதையா நோயின்ற? காலையில கை மரத்துக்கினுதான் இருக்கும். எல்லாப் பொம்பளைக்கும் அப்டித்தான். வெந்நீர்ல வெச்சுக்கினு இருந்தா பூடும். எனக்கு உன் கல்யாணத்துக்கு முன்னாடிலேர்ந்து கீது. மெடிக்கல்ல செட்டு மாத்திரை வாங்கிப் போட்டுக்கினு கெளம்பிடுவேன். ஒருத்தர்கிட்ட சொல்லிக்கினு இருந்தேனா?"

போனில் டச்சு ஓடியது. அதிகாரியின் பேனா நின்றது. அவர் அம்மாவின் கைகளைப் பார்த்தார். நானும் பார்த்தேன். விரல்கள் எல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தன. வீட்டில் அதற்குக் களையெடுத்த கை என்று பெயர். எங்கள் வீட்டில் எல்லோருமே அந்தக் கையால்தான் சாப்பிட்டு வளர்ந்தோம். எக்ஸ்ரே பார்க்கத் தெரிந்த எனக்கு அந்தக் கையைப் பார்க்கத் தெரிந்திருக்கவில்லை.

"அம்மாவுக்கும் உதவி தேவையோ எண்டு கேக்கிறா" என்றார் தம்பி.

அம்மா நிமிர்ந்தார். கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் யாராவது தன் பையைத் தூக்க வந்தால் வருகிற அதே கோபம்.

"எனக்கா? எனக்கு இன்னா கேடு? நான் இன்னைக்கு வரைக்கும் எவ கையையும் எதிர்பாத்தவ இல்ல. என் வேலைய நான்தான் செஞ்சுக்கறேன்னு சொல்லு அந்தம்மாகிட்ட."

தம்பி மொழிபெயர்க்கத் தொடங்கினார். நிலா குறுக்கிட்டாள். டச்சில் இல்லை, தமிழில். அவள் அவ்வளவு நீளமாகத் தமிழ் பேசி நான் கேட்டு நாளாயிற்று.

"இல்ல ஆயா. நீ வந்த நாள்லேர்ந்து உனக்கும் ஜாக்கெட் கொக்கி நான்தான போடறேன். ஃபர்ஸ்ட் உனக்கு, அப்பறம் அம்மாக்கு. அம்மாகிட்ட சொல்லாதன்னு நீதான சொன்ன."

அதிகாரி போனைப் பார்த்தார், பிறகு எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். அம்மா முந்தானைக்குள் கையை மறைத்துக்கொண்டு என்னிடம் தலையாட்டினார், வேண்டாம் என்று.

"அக்கா" என்றார் போனில் தம்பி, குரல் தணிந்து. "பிள்ளை சொன்னதையும் நான் சொல்லட்டோ?"

"சொல்லுங்க தம்பி" என்றேன். "ஒரு வார்த்தை விடாம சொல்லுங்க."